சீட்டில் இருபத்துநாலு

அந்த அலுவலகத்தில் அவருடைய சொந்தப் பெயர், சம்பளப் பட்டியல் போடுகிற அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லாருக்கும் அவர் ‘மூணு வழி’. இருபத்தாறு வருஷமாக ஒரே மேஜை, ஒரே வேலை. கப்பலில் ஏற்றுகிற அந்தப் பெரிய இரும்புப் பெட்டி, கன்டெய்னர், கடல் துறைமுகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். லாரியில் ஏற்றி ரோட்டில் அனுப்பலாம், ரயிலில் அனுப்பலாம், ஆற்றில் சரக்குப் படகில் அனுப்பலாம். எது தோதுப்படும் என்று பார்த்துச் சொல்வதுதான் அவர் பிழைப்பு. ஒரு தாளை எடுப்பார், ஸ்கேல் வைத்து மூன்று கட்டம் போடுவார், ரோடு, ரயில், தண்ணி என்று தலைப்பு எழுதுவார். கம்ப்யூட்டர் வந்த பிறகும் முதலில் தாளில்தான் போடுவார். அதைக் கிண்டல் பண்ணியவர்கள் எல்லாம் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், அவர் மேஜை மட்டும் நகரவில்லை.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்து தொலைத்தது. நாலு மைல் தள்ளி இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போவதென்றால்கூட, பஸ்ஸா, ரயிலா, படித்துறையில் ஏறிப் படகா என்று யோசிப்பார். “நீங்க யோசிக்கிற நேரத்துக்கு நடந்தே போயிட்டு வந்திருக்கலாம்” என்பாள் மனைவி. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். ரயில் மலிவு, ஆனால் ஸ்டேஷனில் இறங்கி அரை மணி நேரம் நடக்க வேண்டும், அந்த நடையையும் சேர்த்துத்தானே பார்க்க வேண்டும் என்று அவளுக்கே பாடம் எடுப்பார். உண்மையில் அவர் தொழிலின் சாரமே அந்த ஒரு வரிதான். ரயில் என்று சொல்லிவிடலாம், ஆனால் ரயிலில் ஏற்றுகிற இடம்வரைக்கும் ஒரு லாரி வேண்டும், இறக்கிய இடத்திலிருந்து இன்னொரு லாரி வேண்டும். படகுக்கும் அப்படியே. எந்த வழியை எடுத்தாலும் இரண்டு முனையிலும் ஒரு லாரிக்காரன் உட்கார்ந்திருப்பான்.

அவர் வீட்டிலேயும் ஒரு லாரிக்காரர் உண்டு. தங்கச்சி புருஷன். நாற்பத்தாறு வயசு, இருபத்திரண்டு வருஷமாக டிரெய்லர் ஓட்டுகிறவர், ஒரு கீறல்கூட விழாத லைசென்ஸ். எதிர் வண்டிக்காரன் தப்பே பண்ணினாலும் திட்டமாட்டார், ஒதுங்கி வழிவிட்டு, “போப்பா, நல்லா இரு” என்பார். மூணு வழிக்குத் தன் தங்கச்சியைவிட இந்த மாப்பிள்ளை மேல்தான் பாசம் அதிகம் என்று குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. அது பொய்யில்லை.

அலுவலகம் ஆற்றோரப் படகுத்துறையில், மாடியில் இருந்தது. அவர் மேஜைக்குப் பக்கத்து ஜன்னலில் எட்டிப் பார்த்தால் தண்ணீருக்குள் இறங்குகிற கல் படிகள் தெரியும். காலையில் வந்ததும் சட்டைப்பையில் பேனாவைச் சரிசெய்துகொண்டே படிகளை எண்ணுவார். மூன்று படி வெளியே தெரிந்தால் படகில் முழுச் சுமை ஏற்றலாம். ஏழு படி தெரிந்தால் முக்கால் சுமை. பத்துக்கு மேல் போனால் படகுக்காரர் மேலே பார்த்து உதட்டைப் பிதுக்குவார்.

சில வருஷமாக ஆறு நன்றாகத்தான் இருந்தது. தரைக்குப் போடுகிற டைல்ஸ் செய்யும் ஒரு தொழிற்சாலையின் சரக்கு முழுவதையும் ரோட்டிலிருந்து தண்ணிக்கு மாற்றிவிட்டவர் அவர்தான். கட்டம் போட்டுப் பார்த்ததில் தண்ணிக்கு எதிரில் மற்ற இரண்டும் நிற்கவே இல்லை. முக்கியமான காரணம் எடை. ரோட்டில் ஒரு பெட்டி இருபத்துநாலு டன்னுக்கு மேல் போகக் கூடாது, சட்டம். தண்ணியில் அந்தத் தொல்லை இல்லை, பெட்டி தாங்குகிற வரைக்கும், முப்பது டன் வரைக்கும் அடைக்கலாம். ஐந்து பெட்டியில் போவது நாலு பெட்டியில் போய்விடும். டைல்ஸ் சின்ன வண்டிகளில் துறைக்கு வரும், துறைக் கொட்டகையிலேயே பெட்டியில் அடைபடும், அங்கேயே கிரேன் தூக்கிப் படகில் வைக்கும். தொழிற்சாலைக்காரர்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். மாப்பிள்ளை மட்டும் ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது, “உங்க தாள்ல ஒரு கட்டம் போட்டீங்க, எங்களுக்குப் பாதி டிரிப்பு போச்சு மச்சான்” என்று சிரித்தார். சிரிப்புத்தான், ஆனால் மூணு வழிக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்கப்புறம் வந்த வருஷம் மழை ஏமாற்றியது. ஏழு படி, ஒன்பது, பதினொன்று. ஒரு புதன்கிழமை காலையில் பதினாலு படி வெளியே தெரிந்தது, கடைசிப் படியில் பாசி காய்ந்து உரிந்துகொண்டிருந்தது. கொட்டகையில் பதினோரு பெட்டிகள், ஒவ்வொன்றும் முப்பது டன், அடைத்து சீல் வைத்துத் தயாராக நின்றன. படகுக்காரர் மாடிக்கே ஏறி வந்து, “அய்யா, காலிப் படகே தரை தட்டுது. மன்னிச்சுக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். துறைமுகத்தில் கப்பலுக்கான கதவு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடைபடும், அதற்குமேல் பெட்டி எடுக்க மாட்டார்கள். ரயிலுக்கு போன் போட்டார். வேகன் செவ்வாய்க்கிழமைதான் கிடைக்கும் என்றார்கள். பெட்டியைத் திறந்து, ஆறு டன் இறக்கி, மறுபடி அடுக்கி, சீல் வைத்து, மிச்சச் சரக்குக்கு வேறு பெட்டி தேடுவதென்றால் முழுசாக மூன்று நாள்.

மேனேஜர் அவர் மேஜைக்கு வந்து நின்றார். நல்ல மனிதர்தான், ஆனால் பதற்றம் வந்தால் யார் தலையிலாவது கட்டிவிட்டு நகர்ந்துவிடுகிற ரகம். “ரோட்ல அனுப்பிடுங்க” என்றார்.

“சார், ஒவ்வொண்ணும் முப்பது இருக்கு.”

“ரோட்டுக்கு எவ்வளவு உண்டோ அதை எழுதுங்க. துறைமுகத்துல எடை போட்டா முப்பதுன்னு வரும், கப்பலுக்கு முப்பது சரிதானே? நடுவுல நூறு மைல்தான். யாரு கேக்கப் போறா?”

பல்லைக் கடித்துக்கொண்டு பதினோரு சீட்டு எழுதினார் மூணு வழி. எடை என்ற இடத்தில் பதினோரு தடவை இருபத்துநாலு. அந்த மேஜையில் அவர் எழுதிய முதல் பொய் அது. இதோடு நிறுத்தியிருந்தால் மேனேஜர் தலையில் பழியைப் போட்டுவிட்டு நானும் கதையை முடித்திருப்பேன். ஆனால் அடுத்ததாக அவர் ஒரு காரியம் செய்தார். லாரி ஒதுக்குகிறவரிடம் போய், “எங்க மாப்பிள்ளைக்கு ஒண்ணு போடுங்க, பாவம், பத்து நாளா சும்மா இருக்காரு” என்று கேட்டு வாங்கிக் கொடுத்தார். உதவி செய்கிறோம் என்று அவருக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

மறுநாள் மதியம் மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது. மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார், அறையில் வேறு யாரும் இல்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

“மச்சான், பெட்டி என்ன எடை?”

“ஏன், சீட்டுல என்ன போட்டிருக்கு?”

“இருபத்துநாலு.”

“அப்புறம் என்ன மாப்ள?”

“இல்ல, ஏத்தத்துல வண்டி மூச்சு வாங்குது. டயரும் கொஞ்சம் பிதுங்குன மாதிரி தெரியுது. மேல வந்து நிக்கிறேன், இனி இறக்கம். அதான் இறங்குறதுக்கு முன்னாடி உங்கள ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு.”

மூணு வழி போனை மற்றக் காதுக்கு மாற்றினார். நாலைந்து நொடி இருக்கும். முப்பது என்ற சொல்லைச் சொல்ல அரை நொடி போதும். ஆனால் போனில் சொன்னால் மாப்பிள்ளை வண்டியை அங்கேயே நிறுத்திவிடுவார், மற்ற பத்து வண்டிக்கும் விஷயம் போகும், சீட்டு எழுதியது யார் என்ற கேள்வி வரும், பென்ஷனுக்கு இன்னும் இரண்டே வருஷம். இத்தனையும் அந்த நாலைந்து நொடிக்குள் கட்டம் கட்டமாக வந்து நின்றது.

“டைல்ஸ் இல்லையா, அடியில உக்காந்துக்கும். அப்படித்தான் தெரியும்” என்றார். “பாத்துப் போங்க மாப்ள.”

“நீங்க சொன்னா சரி மச்சான்” என்று மாப்பிள்ளை போனை வைத்தார்.

மூணு வழிக்குத் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது, தாளில் அதற்குக் கட்டம் கிடையாது. படகில் எடையை ஏமாற்ற முடியாது, ஒரு டன் கூடினாலும் படகு அந்த அளவுக்கு அமுங்கும், பக்கவாட்டில் வரைந்த கோட்டைப் பார்த்துப் படகுக்காரர் சொல்லிவிடுவார். ரயிலிலும் முடியாது, யார்டை விட்டு வெளியே வருவதற்குள் தண்டவாளத்திலேயே எடை போட்டுவிடுவார்கள். லாரிக்காரன் கையில் மட்டும் ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்புகிறோம். அவன் அதை நம்பித்தான் மலை இறங்குகிறான்.

இறக்கத்தின் நாலாவது வளைவில் ஒரு சின்ன வேன் டயர் மாற்றுவதற்காக நின்றிருந்தது. ஜன்னல்களுக்குக் கண்ணாடி மாட்டுகிற ஒரு மனிதர், வேனுக்குப் பின்னால் குனிந்து ஜாக்கியைச் சுழற்றிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை பிரேக்கை மிதித்தார். இருபத்துநாலுக்கு நின்றிருக்க வேண்டிய வண்டி நிற்கவில்லை. வளைத்துப் பாறைப் பக்கம் ஒடித்தார், முன்பக்கம் பாறையில் மோதியது, பின்பக்கம் சுழன்று வந்து வேனை அடித்தது. கண்ணாடிக்காரர் அந்த இடத்திலேயே செத்துப்போனார். மாப்பிள்ளையின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வலது கால் தப்பியது.

விசாரணை என்று ஒன்று நடந்தது. பெட்டி பிளந்து டைல்ஸ் மலைச்சரிவு பூராவும் சில்லு சில்லாகக் கிடந்தது, மண்வெட்டியால் அள்ளிப் போனார்கள். உடைந்த சில்லை யார் எடை போடுவார்கள்? சீட்டில் இருபத்துநாலு என்று இருந்தது, அதுவே எடை ஆகிவிட்டது. மற்ற பத்து வண்டியும் அதே இறக்கத்தில் ஒழுங்காக இறங்கிப் போயின, இவருக்கு மட்டும் என்ன கேடு என்று கேட்டார்கள். துறைமுகத்தில் அந்தப் பத்துப் பெட்டியும் என்ன எடை காட்டின என்று போய்ப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. மாப்பிள்ளையே ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, “பிரேக்குக்கு என் கால் லேட்டாயிடுச்சு சார். கண்ணசந்திருப்பேன் போல” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இருபத்திரண்டு வருஷ லைசென்ஸைப் பறித்துக்கொண்டார்கள்.

மூணு வழி அந்தப் பத்து வண்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பத்து பேர் இறங்கினார்களே. அப்படியென்றால் எடை காரணமில்லைதானே. குளிக்கும்போது, சாப்பிடும்போது, ஜன்னல் ஓரத்தில் படி எண்ணும்போதெல்லாம் இதையே தனக்குச் சொல்லிக்கொண்டார். அந்தப் பத்து பேர் இறங்கும்போது வளைவில் வேன் நிற்கவில்லை என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். மனுஷன் தனக்குத்தானே போட்டுக்கொள்கிற கட்டத்தில் வேண்டாததை எழுதுவதில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தங்கச்சி வீட்டுக்குப் போனார். இப்போது பஸ்ஸா ரயிலா என்று யோசிப்பதில்லை, முதலில் வருவதில் ஏறிவிடுவார். மாப்பிள்ளை ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், சுவரில் சாய்த்து வைத்த ஊன்றுகோல் பக்கத்தில். அவருடைய வலது கால் மட்டும் சும்மா இருக்காது. தரையை அழுத்தும், விடும், மறுபடி அழுத்தும். தங்கச்சி ஒரு பழைய போர்வையை மடித்து அந்த இடத்தில் போட்டிருந்தாள், தரையில் அந்தச் சத்தம் கேட்காமலிருக்க.

“இருபத்துநாலுக்கு நாலாவது கியர் சரிதானே மச்சான்?” என்பார் மாப்பிள்ளை.

“சரிதான்.”

“நாலாவதுலதான் இறங்குனேன். நல்லா ஞாபகம் இருக்கு. அப்ப கால்தான். கால் லேட்டு.” கொஞ்ச நேரம் கழித்து, “நீங்க வேற சொன்னீங்க, எடை சரிதான்னு. இல்லாட்டி நான் வண்டி மேல பழியப் போட்டிருப்பேன்” என்று ஒரு சிரிப்பு சிரிப்பார்.

மூணு வழி டீயைக் குடித்து, வாங்கிப்போன ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். ஒவ்வொரு ஞாயிறும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்புவார், ஒவ்வொரு ஞாயிறும் மென்று விழுங்கிவிட்டுத் திரும்புவார். தங்கச்சி வாசல் வரை வந்து, “நீ ஒருத்தன் வர்றதாலதான் அண்ணே அவரு வாயத் திறக்குறாரு” என்பாள். அதைவிட அவள் செருப்பைக் கழற்றி அடித்திருக்கலாம்.

ஒரு வருஷம் ஓடியது. மழை பெய்தது, படிகள் ஒவ்வொன்றாக முழுகின. மூன்று படி மட்டும் தெரிந்த வாரத்தில் டைல்ஸ் தொழிற்சாலை மறுபடி முப்பது டன் பெட்டிகளை அனுப்ப ஆரம்பித்தது. மேனேஜர் மேஜையில் தட்டி, “நம்ம தண்ணி திரும்பிடுச்சு பாத்தீங்களா” என்றார். மூணு வழி எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனபோது மாப்பிள்ளை தேய்த்த சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். முகம் மழித்திருந்தார். ஊன்றுகோல் கையில் இருந்தது.

“உங்களுக்காகத்தான் காத்திருக்கேன் மச்சான். ஒரு இடத்துக்குப் போகணும், கூட வாங்க.”

“எங்க மாப்ள?”

“அந்தக் கண்ணாடிக்காரர் வீட்டுக்கு. மலைக்கு அந்தப் பக்கம். விலாசம் விசாரிச்சு வச்சிருக்கேன். அவரு சம்சாரம் இருக்காங்களாம். என் காலாலதான் உங்க வீட்டுக்காரர் செத்தாரு, மன்னிச்சுக்கங்கம்மான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடணும். இல்லாட்டி இந்தக் கால் நிக்க மாட்டேங்குது.”

போர்வையின் மேல் அந்தக் கால் அழுத்தியது, விட்டது, அழுத்தியது.

மூணு வழி உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேச்சு வராது என்று அவருக்குத் தெரிந்தது. அந்த வீட்டு வாசலில் மாப்பிள்ளை ஒற்றைக் காலில் நின்று, செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்பதை, தான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்த்தார். அது மட்டும் முடியாது.

“மாப்ள, உங்க கால் லேட் ஆகல” என்றார். “பெட்டி முப்பது டன். சீட்டு எழுதினது நான். நீங்க மேல நின்னு போன் பண்ணப்பவும் எனக்குத் தெரியும்.”

சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. தங்கச்சி ஈரக் கையோடு கதவருகே வந்து நின்றாள். அண்ணனைப் பார்த்தாள், அப்புறம் புருஷனைப் பார்த்தாள், அப்புறம் அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை.

மாப்பிள்ளையின் கால் நின்றிருந்தது. ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அது போர்வையின் மேல் சும்மா கிடந்தது. அவர் கத்துவார், ஊன்றுகோலைத் தூக்கி எறிவார் என்று மூணு வழி காத்திருந்தார், ஒருவேளை அதற்கு ஆசைப்பட்டார் என்றுகூடச் சொல்லலாம். மாப்பிள்ளை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு விரலால் நாற்காலிக் கையில் எதையோ போட்டுப் பார்த்தார்.

“முப்பதுன்னா ரெண்டாவது கியர்” என்றார் கடைசியில். “மேலயே ரெண்டாவது போட்டு, மாடு போற மாதிரி மெதுவா இறக்கியிருக்கணும்.” திரும்பி மச்சானைப் பார்த்தார். “சொல்லியிருந்தா இறக்கியிருப்பேனே மச்சான். நிறுத்தியிருக்கக்கூட மாட்டேன். உங்களை மாட்டிவிட்டிருப்பேனா? ஒரு நம்பர்தானே கேட்டேன்.”

மூணு வழிக்கு அழுகை வந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

“கிளம்புங்க” என்று மாப்பிள்ளை ஊன்றுகோலை ஊன்றி எழுந்தார். “அந்த அம்மாகிட்ட நீங்க சொல்லணும். அப்புறம் விசாரணை ஆபீஸ்லயும் சொல்லணும். நான் பக்கத்துல நிக்கிறேன்.”

மலைக்கு அந்தப் பக்கம் போக பஸ்தான் உண்டு. இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்கள். பஸ் ஏற்றத்தில் ஏறியது. உச்சியில் பஸ் ஒரு கணம் நின்று, டிரைவர் கியரை மாற்றுகிற சத்தம் கேட்டது, என்ஜின் அடித்தொண்டையில் உறும ஆரம்பித்தது. மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டார்.

“ரெண்டாவது போட்டிருக்கான். நல்ல டிரைவர்” என்றார்.

முதல் வளைவு, இரண்டாவது வளைவு. மாப்பிள்ளையின் கால் அசையவில்லை. நாலாவது வளைவு நெருங்கியபோது மூணு வழி குனிந்து பார்த்தார். தன்னுடைய வலது கால் பஸ்ஸின் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. விடப் பார்த்தார், முடியவில்லை.